ஊசி துணைக்கு வரட்டும்... ஆஸ்பத்திரிக்குப் பதிலா வேண்டாம்!

மாதவிலக்கு, மசக்கை, பிரசவம், தாய்ப்பால்: அக்குபங்சர் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி விளாங்குடி, பரவை தாண்டினால் சமயநல்லூர். திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய அந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாமியார், மகன், மருமகள், கல்யாணமாகாத நாத்தனார் என்று நாலு பேர். நம்மைப் போல சாதாரண நடுத்தரக் குடும்பம்தான்.

மருமகளுக்கு மூணு மாசம். காலையில் காபி வாசனை பட்டாலே ஓடிப் போய் வாந்தி எடுக்கிறாள். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கு மூட்டுவலிக்கு ஊசி வச்சாகளே, எப்படிக் கேட்டுச்சு பாத்தேல்ல? நீயும் ஒரு நடை வா தாயி. சரியாயிரும்."

"சரித்தே... ஆனா ஆஸ்பத்திரியில மாத்திரைய விடாம சாப்பிடச் சொல்லியிருக்காங்களே?"

"அதெல்லாம் எதுக்கு? அவரு நாடி பிடிச்சே எல்லாத்தையும் சொல்லிப்புடுவாரு. ரத்தமும் எடுக்க வேணாம், ஸ்கேனும் வேணாம்ங்கிறாரு!"

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். யார் சொல்வது சரி? மாமியாரின் முதல் பேச்சில் தப்பே இல்லை. நாள்பட்ட மூட்டுவலிக்கு அக்குபங்சர் ஓரளவு நிவாரணம் தரும் என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. வாந்திக்கும் முயற்சி செய்யலாம். ஆபத்தெல்லாம் அவர் கடைசியாகச் சொன்ன பேச்சில்தான் இருக்கிறது.

எது வரைக்கும் போகலாம், எங்கே நிற்கவேண்டும்? இந்த வீட்டுப் பெண்கள் மூவரோடும் கூடவே நடந்து பார்த்துவிடலாம், வாருங்கள்.

எங்கிருந்து வந்தது இந்த ஊசி?

அக்குபங்சர் சீன நாட்டு வைத்தியம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம். உடம்பில் ஓடும் சக்திப் பாதைகளில் புள்ளிகள் இருக்கின்றன, அங்கே மெல்லிய ஊசி வைத்தால் தடை நீங்கும் என்பது அவர்கள் கணக்கு. மொத்தம் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்திப் பெயர் கொடுத்திருக்கிறது.

நம் நாட்டுக்கு இது வந்ததே ஒரு கதை. 1938-ல் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க, இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் சீனாவுக்குப் போனார்கள். அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர்விட்டார். இன்னொருவர் டாக்டர் பி.கே. பாசு. அவர் பிற்பாடு மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சையை ஆரம்பித்தார். 1996-ல் மேற்கு வங்காளம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு இதைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

ஊசி வைத்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? சக்திப் பாதை என்று ஒன்றை ஸ்கேனில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊசி நரம்பைத் தூண்டுகிறது, அந்தச் சேதி மூளைக்குப் போகிறது, உடம்பு தானே தயாரிக்கும் வலி நிவாரணியான எண்டார்பின் சுரக்கிறது. இது வரைக்கும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்தே ஒரு சின்ன விதியை மனசில் வைத்துக்கொள்ளலாம். வலி, குமட்டல் மாதிரி நீங்கள் உணர்கிற தொந்தரவுக்கு ஊசியை முயற்சி செய்யலாம். பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாதிரி அளந்து பார்க்க வேண்டிய நோய்க்கு ஊசியை நம்பி உட்காரக் கூடாது. கட்டுரை முழுக்க இந்த விதிதான் நமக்கு அளவுகோல்.

நாத்தனாரின் கவலை: பிசிஓடி

நாத்தனார் காலேஜில் படிக்கிறாள். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை, சமயத்தில் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் மாதவிலக்கு. முகத்தில் பருவும் மேலுதட்டில் லேசாக ரோமமும் வந்திருக்கின்றன. டாக்டர் பிசிஓடி என்று சொல்லிவிட்டார். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே உங்கள் பெண்ணுக்கு இருந்தால் அவள் ஏதோ தப்புப் பண்ணிவிட்டாள் என்று அர்த்தமில்லை.

"பத்து சிட்டிங் ஊசி வச்சா கட்டியெல்லாம் கரைஞ்சிரும்" என்று யாராவது சொல்வார்கள். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை! முழுசாக வளராமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள்தான் அவை. கரைப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஹார்மோன்களின் அளவு சீராக வேண்டும், அதுதான் விஷயம்.

இதில் ஊசி உதவுமா? அக்குபங்சரின் தாய்நாடான சீனாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பிசிஓடி உள்ள 1,000 பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடந்த அந்தப் பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் பாவனை ஊசி, அதாவது புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்துவது. முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபின் மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு வெறும் மாத்திரை.

முடிவு என்ன தெரியுமா? மாத்திரையோடு உண்மையான ஊசி வைத்துக்கொண்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 100-க்கு 29 பேர். மாத்திரையோடு பாவனை ஊசி வைத்துக்கொண்டவர்களில் 28 பேர். மருந்தே இல்லாமல் உண்மையான ஊசி மட்டும் வைத்தவர்களில் 14 பேர், பாவனை ஊசிக்காரர்களில் 17 பேர். ஆக, பலன் கொடுத்தது மாத்திரைதான். ஊசி கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை.

டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 848 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உண்மையான ஊசிக்கும் பாவனை ஊசிக்கும் குழந்தைப் பேற்றில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் நாத்தனார் என்னதான் செய்வது? எடை கூடுதலாக இருந்தால், அதில் 100-க்கு 5 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வர ஆரம்பிக்கும். 70 கிலோ இருந்தால் மூன்றரை கிலோ. தினமும் அரைமணி நேரம் வேகமான நடை. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காய், பயறு, முட்டையைக் கூட்டுவது. வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை டெஸ்ட். இதோடு மனசு லேசாக ஊசியும் வைத்துக்கொள்கிறேன் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் வேண்டாம்.

மசக்கைக்கு மணிக்கட்டில் ஒரு புள்ளி

இனி நம் மருமகளிடம் வருவோம். குமட்டல் உணர்கிற தொந்தரவு. இங்கே ஊசிக்கு இடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் 593 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஊசி வைத்துக்கொண்டவர்களுக்குக் குமட்டல் சீக்கிரமே குறைந்தது. பாவனை ஊசிக்காரர்களுக்கும் மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்! எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் கெடுதல் இல்லாத முயற்சி என்பதால் செய்து பார்க்கலாம்.

ஊசிகூட வேண்டாம், விரலே போதும். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். மணிக்கட்டில் தெரியும் ரேகைமேல் வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து வையுங்கள். மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், இரண்டு நரம்புக் கயிறு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவில் உள்ள புள்ளிதான் நெய்குவான். அதைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்தி அழுத்தி விடுங்கள். பிறகு அடுத்த கை. பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம்.

கூடவே நம் வீட்டு இஞ்சி இருக்கிறது. வெறும் வயிற்றோடு இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவதும் கைகொடுக்கும்.

ஆனால் கவனம்! குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாக மூத்திரமே போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது... இது மசக்கை என்று சும்மா இருக்கிற நேரம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றவேண்டும். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான வாந்தி மாத்திரைகளும் இருக்கின்றன.

ஆறாம் மாசத்து இடுப்புவலி

வயிறு பெரிசாகப் பெரிசாக, இடுப்பெலும்பு மூட்டுகள் தளர்ந்து கொடுக்கின்றன. புரண்டு படுத்தால் வலி, மாடி ஏறினால் வலி. கர்ப்பிணி நினைத்தபடி வலி மாத்திரை போட்டுக்கொள்ள முடியாது. இந்த இடத்தில்தான் அக்குபங்சர் உண்மையிலேயே ஒரு நல்ல துணை.

ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரத்தில் இடுப்புவலி உள்ள 386 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பிரிவுக்குக் கூடுதலாக ஊசி, ஒரு பிரிவுக்குக் கூடுதலாக உடற்பயிற்சி. 2005-ல் வந்த முடிவு: இரண்டுமே உதவின, ஊசி அதிகமாக உதவியது.

கர்ப்பிணிக்கு ஊசி வைப்பது பாதுகாப்பா என்று கேட்பீர்கள். கொரியாவில் 20,799 கர்ப்பிணிகளின் விவரங்களைப் புரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. ஊசி வைத்துக்கொண்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவமோ, குழந்தை இறந்து பிறப்பதோ அதிகமாக இல்லை. முறையாகக் கற்றவர் வைத்தால் பயப்பட வேண்டியதில்லை.

இருந்தாலும் சில புள்ளிகளைக் கர்ப்ப காலத்தில் தொடக் கூடாது என்பது சீனப் பெரியவர்களே வைத்த கட்டுப்பாடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹெகு, உள்கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே உள்ள சான்யின்ஜியாவ், தோள்பட்டை உச்சிப் புள்ளி ஆகியவை அவற்றில் சில. இவை கர்ப்பப்பையைத் தூண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நல்ல சிகிச்சையாளர் இவற்றைத் தவிர்த்துவிடுவார். உங்களைப் பார்த்ததும் "எத்தனை மாசம்?" என்று கேட்காமலே ஊசியை எடுக்கிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்!

குழந்தை இன்னும் திரும்பலையா?

எட்டாம் மாசம் ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருக்கிறது என்று சொன்னால் வீடே பதறிப் போகும். சீனாவில் இதற்கு மோக்ஸா என்று ஒரு முறை உண்டு. ஒரு மூலிகையைக் காயவைத்துச் சுருட்டுப் போலச் சுற்றிப் பற்றவைத்து, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்துக்குப் பக்கத்தில் சூடு காட்டுவார்கள். அந்த மூலிகை நாம் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தின் சொந்தக்காரச் செடிதான்!

1998-ல் வெளியான சீன ஆய்வில் தலைச்சன் பிள்ளை சுமந்த 260 பேர். 33-வது வாரத்தில் ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சூடு காட்டியவர்களில் 130-க்கு 98 குழந்தைகள் தலை திரும்பியிருந்தன. ஒன்றும் செய்யாதவர்களில் 130-க்கு 62.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, இந்த முறையில் ஏதோ விஷயம் இருக்கலாம். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் பலன் இருக்கக்கூடும் என்றே சொல்கிறார்கள். இரண்டு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தானாகவே திரும்பிவிட்டன! "நான்தான் திருப்பினேன்" என்று யாராவது மார்தட்டினால் இந்த 62-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்வதாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், முன்பு சிசேரியன் ஆகியிருந்தால், பிரஷர் இருந்தால் செய்யக் கூடாது. செய்த பிறகும் ஸ்கேன் பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும். திரும்பாவிட்டால், 37-வது வாரத்தை ஒட்டி வயிற்றின்மேல் கைவைத்துத் திருப்பும் முறை டாக்டரிடமே உண்டு. அதுவும் சரிவராவிட்டால் சிசேரியன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாடியில் தெரியாத ஐந்து எண்கள்

இப்போது மாமியாரின் கடைசிப் பேச்சுக்கு வருவோம். "நாடி பிடிச்சே எல்லாம் சொல்லிப்புடுவாரு." எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், மணிக்கட்டில் விரல் வைத்துச் சொல்ல முடியாத எண்கள் ஐந்து இருக்கின்றன. ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

1. ரத்த அழுத்தம்: 140/90-ஐத் தொட்டால் எச்சரிக்கை. ஆரம்பத்தில் ஒரு வலியும் இருக்காது. கவனிக்காவிட்டால் திடீரென்று ஜன்னி வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து.

2. ஹீமோகுளோபின்: 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை இதற்காகத்தான். ரத்தம் குறைந்த பெண்ணால் பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கைக்கூடத் தாங்க முடியாது.

3. சர்க்கரை: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதிலும் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது.

4. தைராய்டு: முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். தைராய்டு மாத்திரையை "சூடு" என்று சொல்லி நிறுத்துவது குழந்தையின் மூளையோடு விளையாடுவது.

5. ரத்த வகை: தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. 28-வது வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசியும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் போட்டால் அந்த ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.

இந்த ஐந்தையும் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமலே பார்க்கலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் முதல் படி.

வலி வந்தால் வண்டி எங்கே போகணும்?

பிரசவ வலியின்போது கீழ்முதுகை அழுத்திவிடுவது, புள்ளிகளில் விரலால் அழுத்துவது எல்லாம் வலியைக் கொஞ்சம் தணிக்கும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. கூட ஒரு பெண் துணைக்கு இருந்து இதமாகப் பேசினால் இன்னும் நல்லது. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் வைத்தே செய்யலாம்.

ஆனால் சிலர், "உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கும், பிரசவத்தை வீட்டிலேயே வச்சுக்கங்க" என்று சொல்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள முயன்ற ஒரு இளம்பெண், ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அடுத்த மாசமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவர் கோவையில் கைது செய்யப்பட்டார்.

ஏன் இப்படி ஆகிறது? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல் போலச் சுருங்கி அந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூடவேண்டும். சுருங்காவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். ஒரு மனுஷிக்கு உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர் அளவுதானே ரத்தம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும், ரத்தம் ஏற்ற வசதி வேண்டும், கைதேர்ந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும். யாருக்கு இது வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியாடி வேலை பார்த்த பெண்ணுக்கும் வரலாம்.

தமிழ்நாட்டில் இப்போது 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018-20 கணக்கில் நாடு முழுவதும் 97, இங்கே 54. நம் பாட்டிமார் காலத்தில் ஊருக்கு ஊர் "பிள்ளை பெத்து மாண்டவ" என்று ஒரு கதை இருக்கும். அதைப் பெரும்பாலும் நாம் கடந்து வந்துவிட்டோம். திரும்பிப் போக வேண்டாமே!

சமயநல்லூரிலிருந்து மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை. ஆனால் ரத்தம் போகிறபோது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் ஒரு மைல். வலி வந்த பிறகு யோசிக்காமல் 108 நம்பரை முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

தாய்ப்பால்: புள்ளியா, பிள்ளையா?

நம் மருமகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மூணாம் நாள். "பாலே ஊறலையே!" என்று அழுகிறாள்.

கை சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் ஒரு புள்ளி, நெஞ்செலும்பின் நடுவில் ஒரு புள்ளி, மார்புக்கு அடியில் ஒரு புள்ளி. பால் பெருக சீன வைத்தியம் சொல்லும் இடங்கள் இவை. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை, உறுதியாக எதையும் சொல்லப் போதாது. விரலால் மெதுவாக அழுத்திக்கொள்வதில் தப்பில்லை. மார்பில் ஊசி மட்டும் வேண்டாம். அடியில் நுரையீரல் இருக்கிறது. ஊசி ஆழமாக இறங்கி நுரையீரல் ஓட்டையான சம்பவங்கள் உலகத்தில் நடந்திருக்கின்றன.

உண்மையான பால் புள்ளி குழந்தையின் வாய்தான். குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து புரோலாக்டின் சுரந்து பாலை உண்டாக்குகிறது, ஆக்ஸிடோசின் சுரந்து பாலை இறக்குகிறது. எடுக்க எடுக்க ஊறும் கிணறு அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். காம்பை மட்டும் இல்லாமல் கருவட்டமும் பெரும்பகுதி வாய்க்குள் போகும்படி வையுங்கள். ராத்திரியும் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும்.

பால் போதுகிறதா என்பதையும் அளந்து பார்த்துவிடலாம். ஐந்து நாளுக்கு மேலான குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போகவேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இது நடந்தால் பால் போதும், கவலையை விடுங்கள்.

மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

இந்த இடத்தில் நம் ஊர் விஷயம் ஒன்று. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா? வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் அதைக் கேலி செய்யாமல் சோதித்துப் பார்த்தார்கள். பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். பூ கட்டியவர்களுக்கும் புரோலாக்டின் குறைந்திருந்தது. பால் வற்றுவதில் பூ மாத்திரைக்குச் சமமாக நின்றது! ஆகவே பால் கொடுக்கும் தாய்மார் மதுரை மல்லியை மார்பருகே கட்டிக்கொள்ள வேண்டாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வைத்தியம் என்றாலே ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். சோதித்துப் பார்த்து ஜெயித்ததை எடுத்துக்கொள்வோம்.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை

மாமியாருக்கு வயது 50. திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் கொதிக்கிறது, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. மாதவிலக்கு நிற்கும் பருவம். ஆஸ்திரேலியாவில் 327 பெண்களிடம் எட்டு வாரத்தில் பத்து தடவை ஊசி வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு வேடிக்கையானது. உண்மையான ஊசியில் தொந்தரவு 100-க்கு 40 பங்கு குறைந்தது, பாவனை ஊசியிலும் அதே 40! ஒருவர் அக்கறையாகப் பேசி, அரைமணி நேரம் படுக்கவைத்துக் கவனித்தாலே பாதி வேதனை இறங்குகிறது போலும். வீட்டிலும் நாம் இதைச் செய்யலாமே? ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஊசிக்கும் கஷாயத்துக்கும் நேரமில்லை, உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* எங்கே, எத்தனை வருஷம் படித்தீர்கள்? சில வாரப் பயிற்சியும் சுவரில் தொங்கும் சர்டிபிகேட்டும் கர்ப்பிணியைத் தொடப் போதாது.
* ஊசி புது பாக்கெட்டிலிருந்து நம் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா? ஒருவருக்கு வைத்த ஊசி இன்னொருவருக்குக் கூடாது. மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அதில் ஒட்டிவரும்.
* எத்தனையாவது வாரம் என்று கேட்டாரா? ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்தாரா?
* எத்தனை சிட்டிங், எவ்வளவு செலவு என்று முதலிலேயே சொன்னாரா?
* கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: "நான் எதையாவது நிறுத்தணுமா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு, "ஒண்ணையும் நிறுத்தாதீங்கம்மா, டாக்டர் சொன்னதையும் செய்யுங்க" என்று பதில் வந்தால் உட்காருங்கள். மாத்திரையை நிறுத்து, ஸ்கேன் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே என்று வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்!

நம் சமயநல்லூர் வீட்டில் பேச்சு எப்படி முடிய வேண்டும்? இப்படி முடிந்தால் நன்றாக இருக்கும்.

"சரி தாயி, சாயங்காலம் ஊசிக்குப் போவோம். காலையில நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷரும் ரத்தமும் பாத்துட்டு வந்துரு."

"நீங்களும் கூட வாங்கத்தே. உங்க சர்க்கரையையும் பாத்துட்டு வந்துரலாம்!"